மூட்டை வைக்கச் சொன்னவர்

பேராசிரியர் பஞ்சாட்சரத்துக்குக் கைதட்டல் பிடிக்கும். இதைக் குறையாகச் சொல்லவில்லை, கைதட்டல் பிடிக்காதவர் யார்? அவருக்குக் கொஞ்சம் அதிகமாகப் பிடிக்கும், அவ்வளவுதான். ஏனாத்தூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் புவியியல் நடத்துகிறவருக்கு யார் கைதட்டப் போகிறார்கள்? வருகைப்பதிவு முடிந்ததும் பிள்ளைகள் பின்கதவு வழியாக நழுவிவிடுவார்கள். இருபத்தைந்து வருஷமாகக் கடலைப் படித்தவருக்கு அதைச் சொல்லிக் கேட்க ஆளில்லை. அதனால்தான் ஏரிச் சங்கத் தலைவர் வேலாயுதம் வீடு தேடி வந்து, "எங்க ஊர்ல வந்து மழையப் பத்தி ஒரு வார்த்த பேசணும் சார்" என்று கேட்டதும் மனிதர் உடனே இஸ்திரி போட்ட சட்டையைத் தேட ஆரம்பித்துவிட்டார்.

கூரத்தைத் தாண்டிப் போனால் வருகிற ஊர் அது. பேர் வேண்டாம், தப்பு ஊர்மேல் இல்லை.

இரண்டாயிரத்து இருபத்தொன்று, புரட்டாசி பிறக்கிற சமயம். கொரோனா பாதி போய் பாதி போகாமல் இருந்தது. திரௌபதி அம்மன் கோயில் முன்னால் ஷாமியானா போட்டு, நாற்காலிகளைத் தள்ளித் தள்ளிப் போட்டு, அறுபது எழுபது பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்குத் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்றுதான். இந்த வருஷம் கலங்கல்மேல் மூட்டை வைப்பதா, வேண்டாமா?

கலங்கல் என்பது ஏரி நிறைந்ததும் மிச்சத் தண்ணீர் வழிந்து போகக் கரையில் கட்டியிருக்கிற கல்கட்டு. மழை குறையும் என்று தோன்றுகிற வருஷத்தில் அதன்மேல் இரண்டு வரிசை மணல் மூட்டை அடுக்கிவிடுவார்கள். ஏரி ஒன்றரை அடி கூடுதலாகத் தேங்கும், சித்திரை வரைக்கும் தண்ணீர் இருக்கும். மழை கொட்டுகிற வருஷத்தில் மூட்டை வைத்தால் வழியத் தெரியாமல் தண்ணீர் கரையை முட்டும். வைப்பதற்கும் எடுப்பதற்கும் நீர்க்கட்டி என்று ஒருவர் இருக்கிறார். மதகு திறப்பது, வாய்க்கால் பார்ப்பது எல்லாம் அவர் வேலை. அந்த ஊரில் அது முனுசாமி, நாலு தலைமுறையாக அந்த வீடுதான்.

ஆனால் முனுசாமி தன்னிஷ்டத்துக்கு மூட்டையைத் தொட முடியாது. ஒரு காலத்தில் மேட்டு நிலத்துக்காரர்கள் வைத்த மூட்டையைப் பள்ளத்து நிலத்துக்காரர்கள் இருட்டில் பிடுங்கிப் போட்டு, வெட்டுக்குத்து வரைக்கும் போயிருக்கிறது. அதிலிருந்து ஒரு வழக்கம் வைத்துவிட்டார்கள். வைக்கச் சொன்ன வாய்தான் எடுக்கச் சொல்ல வேண்டும். அந்த வாய்க்கு ஊர் தாம்பூலம் கொடுக்கும். வழக்கமாக அது சங்கத் தலைவருக்குப் போகும்.

பஞ்சாட்சரம் அன்றைக்கு அருமையாகப் பேசினார், அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

"எங்கப்பா பிள்ளையார்பாளையத்துல பாவுக்குக் கஞ்சி போடறவர். கஞ்சி அண்டா சூடேறவும் நேரமாவும், ஆறவும் நேரமாவும் இல்லையா? கடலும் அப்படித்தான். காத்து நேத்து நடந்தத இன்னிக்கு மறந்துடும். கடல் மறக்காது. பசிபிக்னு ஒரு சமுத்திரம், நம்ம ஊர்லேந்து பல ஆயிரம் மைல். அதோட மேல்தண்ணி சில வருஷம் சூடாயிடும், சில வருஷம் குளிர்ந்துடும். அந்தச் சூடும் குளிரும்தான் நம்ம ஐப்பசி கார்த்திகை மழைய அங்கேந்து புடிச்சி ஆட்டுது. சூடான வருஷம் நமக்கு மழை ஜாஸ்தி. குளிர்ந்த வருஷம் கம்மி. அந்தக் குளிருக்கு லா நினான்னு பேரு. இந்த வருஷம் கடல் குளிர்ந்துக்கினு இருக்குது."

யாரும் எழுந்து போகவில்லை. ஒரு அம்மா மடியிலிருந்த குழந்தையின் வாயைப் பொத்தினாள். பஞ்சாட்சரத்துக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

பிறகு திரையில் படம் காட்டினார். அதற்கு ஒரு கதை இருக்கிறது. அவர் அப்பா விடியற்காலையில் பட்டுப் பாவை, அதாவது தறியில் ஏற்ற வேண்டிய நீளவாட்டு நூலை, வீதி நீளத்துக்கு இழுத்துக் கட்டிக் கஞ்சி போடுவார். தூறல் விழுந்தால் போச்சு. அதனால் முப்பத்தெட்டு வருஷம் ஒரு நோட்டில் தினமும் குறித்து வந்தார். பாவு போட்ட நாளுக்கு ஒரு கோடு, போடாத நாளுக்கு 'பாவு இல்லை'. ஐப்பசி கார்த்திகையில் எத்தனை 'பாவு இல்லை' என்று எண்ணினால் மழை எப்படி என்று தெரிந்துவிடும். பஞ்சாட்சரத்தின் மனைவி காயத்ரி இரண்டு கோடை விடுமுறை உட்கார்ந்து அதை முழுக்கக் கம்ப்யூட்டரில் ஏற்றினாள்.

கடல் குளிர்ந்த வருஷம் அதில் பதினொன்று இருந்தது. எட்டில் 'பாவு இல்லை' குறைவு. மூன்றில் பக்கம் பக்கமாகப் 'பாவு இல்லை'. திரையில் பஞ்சாட்சரம் எட்டை மட்டும் காட்டினார்.

"அந்த மூணு வருஷம் எங்க?" என்று காயத்ரி முதல் நாளே கேட்டிருந்தாள்.

"அது ஸ்டிரைக்மா. கூலி ஒசத்திக் கேட்டு தறி நிறுத்திட்டாங்க. இல்லன்னா தெருவுல சாவு, தேரு, ஏதாவது இருந்திருக்கும். பாவு இல்லன்னா மழைன்னே அர்த்தம் இல்ல."

சொல்லும்போதே அது பொய் என்று அவருக்குத் தெரியும். மூன்றில் ஒன்று அவர் ஆறாம் வகுப்பு படித்த வருஷம். கார்த்திகை முழுக்க மழை பெய்து, தறிக்குழியில் ஊற்று கிளம்பி, அம்மா சொம்பால் இறைத்துக்கொண்டே இருந்தாள். கால் வைக்க இடமில்லாமல் அப்பா தறிமேடையில் ஈர வேட்டியோடு உட்கார்ந்திருந்தார். அதை மறந்தேன் என்று அவர் யாரிடமும் சொல்ல முடியாது.

இன்னும் மோசம் ஒன்று உண்டு. அந்த மூன்றும் ஏன் மாறிப்போயின என்பதும் அவருக்குத் தெரியும். கடலின் இந்தச் சூடு, குளிர் ஆட்டத்துக்கு அடியில் இன்னொரு ஆட்டம் இருக்கிறது, மெதுவானது. திரும்ப இருபது முப்பது வருஷம் எடுக்கும். அது ஒரு பக்கம் சாய்ந்திருக்கும்போது குளிர்ந்த வருஷம் சொன்னபடி கேட்கும், மறுபக்கம் சாய்ந்தால் கேட்காது. ஆகவே ஒரு ஊருக்கு ஒரு வருஷத்துக்கு இதை வைத்து உறுதி சொல்லக் கூடாது என்று ஒரு முழு அத்தியாயம் எழுதித்தான் மனிதர் முனைவர் பட்டமே வாங்கினார்.

பேச்சு முடிந்ததும் வேலாயுதம் எழுந்தார். "அதெல்லாம் சரி சார். மழை உண்டா, இல்லையா?"

அந்த நேரத்தில் அத்தியாயத்தைச் சொல்லியிருக்கலாம். எழுபது முகங்கள் பார்த்துக்கொண்டிருந்தன. மூன்று வருஷத்தையும் அந்த அடியாட்டத்தையும் சொன்னால் முகமெல்லாம் வாடிவிடும், 'இதுக்கா இவ்ளோ நேரம்' என்று எழுந்துவிடுவார்கள்.

"கம்மிதான். தைரியமா மூட்டை வைங்க" என்றார்.

கை தட்டினார்கள். "சொன்னவரே வச்சிக்கட்டும்பா" என்று யாரோ குரல் கொடுக்க, வேலாயுதம் வெற்றிலைத் தட்டை அவர் கையில் கொடுத்துவிட்டார். வெளியூர்க்காரர் ஒருவருக்கு அந்தத் தாம்பூலம் போனது அதுதான் முதல் தடவை. முனுசாமி வந்து அவர் நம்பரைப் போனில் ஏற்றிக்கொண்டு, "தண்ணி ஏறுனா கூப்புடறேன் சார்" என்றார்.

நவம்பரில் பெய்தது. எப்படிப் பெய்தது என்று காஞ்சிபுரத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டாம். ஒன்றன்பின் ஒன்றாக வங்காள விரிகுடாவிலிருந்து காற்றழுத்தத் தாழ்வு வந்துகொண்டே இருந்தது. பஞ்சாட்சரம் தினம் காலையில் வானிலைப் படத்தைப் பார்த்து, 'இது கடைசி, இத்தோடு சரி' என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு முனுசாமி கூப்பிட்டார்.

"சார், தண்ணி மூட்ட அடிக்கு வந்துட்ச்சி. எடுத்துடவா?"

"இருங்க முனுசாமி. இப்ப எடுத்துட்டா ஒன்றரை அடித் தண்ணி வீணாப் பூடும். இன்னியோட மழை விட்டுடும்."

"மேல இருக்கிற ஏரிங்கோ எல்லாம் வழிஞ்சிக்கினு இருக்குது சார். அந்தத் தண்ணியும் இங்கதான் வரும்."

"நான் பாத்துக்கினுதானே இருக்கேன். இருங்க."

ஆறு மணிக்கு அவருக்கு ஆன்லைனில் ஒரு கருத்தரங்கம். வேறு மாநிலத்துக் கல்லூரி கூப்பிட்டிருந்தது. கடலும் நம் மழையும் என்றுதான் தலைப்பு, சிரிப்பதானால் சிரிக்கலாம். பேச ஆரம்பித்துப் பத்து நிமிஷம் ஆகியிருக்கும். மேஜையில் போன் சத்தமில்லாமல் ஒளிர்ந்தது. காயத்ரி எட்டிப் பார்த்து, வாயசைத்து, "முனுசாமி" என்றாள்.

கருத்தரங்கம் ஒரு சாக்கு. ஒரு நிமிஷம் மன்னிக்கவும் என்றால் யார் வேண்டாம் என்றிருப்பார்கள்? நாலு மணிக்கு ஒன்று சொல்லிவிட்டு ஆறு மணிக்கு மாற்றிச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. தாம்பூலம் வாங்கியவர் இரண்டு மணி நேரத்தில் புரண்டால் ஊர் என்ன நினைக்கும்? போனை எடுத்துக் கவிழ்த்து வைத்தார். காயத்ரி அதைப் பார்த்தாள்.

விடியும்போது கரை உடைந்தது. உயிர்ச்சேதம் இல்லை. நட்டு ஒரு மாதமான சம்பாப் பயிர் எண்பது ஏக்கர் மணலுக்கு அடியில் போனது. பள்ளத்துத் தெருவில் பதினோரு வீட்டில் தண்ணீர் புகுந்தது.

எட்டு மணிக்குப் பஞ்சாட்சரம் ஸ்கூட்டரில் போய்ச் சேர்ந்தார். கரைமேல் ஊரே நின்றிருந்தது. உடைப்பில் தண்ணீர் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. முனுசாமி முழங்கால் சேற்றில் கடப்பாரையோடு நின்றிருந்தார். கண் இரண்டும் சிவந்திருந்தது.

வேலாயுதம் திரும்பினார். "இன்னா சார், இவன் உங்களக் கேக்கவே இல்லையா? நீங்க எடுக்கச் சொல்லலையா?"

கேள்வி கேட்டவருக்குக் கோபமெல்லாம் முனுசாமி மேல்தான் இருந்தது. அந்தக் குரலிலேயே ஒரு வழி திறந்து கிடந்தது. பஞ்சாட்சரம் அதில் நுழைந்துவிட்டார்.

"சொன்னேனே! தண்ணி மூட்டை அடிக்கு வந்தா எடுத்துடுங்கன்னு சொன்னேன்."

முனுசாமி நிமிர்ந்து அவரை ஒரு தடவை பார்த்தார். குனிந்து கடப்பாரையைச் சேற்றிலிருந்து பிடுங்கிக்கொண்டு உடைப்புப் பக்கமாக நடந்தார்.

அதற்குப் பிறகு பதினாறு நாள் பஞ்சாட்சரம் பட்ட பாட்டைச் சொன்னால் யாருக்கும் பாவம் என்று தோன்றாது, தோன்றவும் வேண்டாம். வெட்கம். வேறு பேர் இல்லை அதற்கு. சாப்பிட உட்கார்ந்தால் வெட்கம், முகம் கழுவினால் வெட்கம். வகுப்பில் லா நினா பாடம் வந்தபோது அந்தச் சொல்லை வாயால் சொல்ல முடியாமல் இருமினார். பிள்ளைகள் சாருக்குத் தொண்டை சரியில்லை என்று மிளகுப்பால் குடிக்கச் சொன்னார்கள்.

காயத்ரி சண்டை போடவில்லை, அதுதான் தாங்கவில்லை. ஒருநாள் கம்ப்யூட்டரைத் திறந்து அந்த மூன்று வருஷத்தையும் அவர் எதிரில் வைத்தாள்.

"இது மூணும் ஸ்டிரைக்னு சொன்னீங்களே. உங்கப்பா ஸ்டிரைக்குன்னா 'தறி நிறுத்தம்'னு தனியா எழுதியிருக்காரு. சாவுன்னா செத்தவங்க பேரு. இந்த மூணுல வெறும் 'பாவு இல்லை'. நான்தானே டைப் பண்ணேன்? எனக்குத் தெரியாதா?"

பஞ்சாட்சரம் திரையிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"அன்னிக்கு ஆறு மணிக்குப் போன் வந்துச்சே, அது இன்னா ஆச்சி?"

காயத்ரி கம்ப்யூட்டரை மூடிவிட்டு உள்ளே போனாள்.

மறுநாள் வேலாயுதத்திடமிருந்து போன். ஞாயிற்றுக்கிழமை ஊர்க்கூட்டமாம். நீர்க்கட்டியை மாற்றப் போகிறார்களாம். "நீங்க வந்து, சொன்னேன்னு ஒரு வார்த்த சொல்லிட்டீங்கன்னா தகராறு இல்லாம முடிஞ்சிடும் சார். நாலு தலமுறை வீடு பாருங்க, சிலபேரு இழுக்கறாங்க."

போவதற்கு முன்னால் பஞ்சாட்சரம் பதினொரு வருஷத்தையும் காகிதத்தில் அச்செடுத்துக்கொண்டார். போனில் அந்த வியாழக்கிழமை அழைப்புகளை அழிக்காமல் வைத்திருந்தார். வழியெல்லாம் சொல்ல வேண்டியதை மனப்பாடம் செய்துகொண்டே போனார். எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும், திட்டினால் வாங்கிக்கொள்ள வேண்டும், யாராவது அடித்தாலும் சரிதான் என்று இருந்தது. முனுசாமியின் வேலை மட்டும் போகக் கூடாது.

கோயில் முன்னால் அதே கூட்டம். அவருக்கு நாற்காலி, டீ. முனுசாமி வேப்பமரத்தடியில் துண்டைத் தோளிலிருந்து இறக்கிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

பஞ்சாட்சரம் எழுந்தார். மனப்பாடம் செய்தது மறந்துவிட்டது.

"நான் எடுக்கச் சொல்லல. முனுசாமி நாலு மணிக்குக் கூப்பிட்டு எடுத்துடவான்னு கேட்டார். நான்தான் இருங்கன்னு சொன்னேன். ஆறு மணிக்கு மறுபடியும் கூப்பிட்டார். நான் போன எடுக்கல. இதோ பாருங்க போனு. அன்னிக்குக் கரைமேல நான் சொன்னது பொய்."

அவர் காகிதத்தைப் பிரித்தார்.

"அதுக்கு முன்னாடியே ஒரு தப்பு பண்ணேன். உங்களுக்கு எட்டு வருஷம் காமிச்சேன். பதினொண்ணு இருக்குது. மூணு வருஷம் கடல் குளிர்ந்தும் மழை கொட்டியிருக்குது. அத மறைச்சிட்டேன். கடல்ல ஒரு ஆட்டம் இல்ல, அதுக்கு அடியில மெதுவா இன்னொண்ணு ஆடுது. அதால இந்த வருஷம் எப்படின்னு யாராலயும் அடிச்சிச் சொல்ல முடியாது. எனக்கு அது தெரியும். தெரிஞ்சும் சொல்லல."

சொல்லிவிட்டு நின்றார். திட்டு வரும் என்று காத்திருந்தார்.

வேலாயுதத்தின் கண் கலங்கியிருந்தது. "பாத்தீங்களாபா? ஒரு ஏழைக்கு வேலை போவக் கூடாதுன்னு எவ்ளோ பெரிய மனுஷன் பழிய தன் தலையில போட்டுக்கிறாரு பாருங்க!"

"இல்ல வேலாயுதம், நெஜமாவே..."

"தெரியும் சார், தெரியும். உக்காருங்க."

முதலில் பின்வரிசையில் ஒருவர் தட்டினார். பிறகு எல்லோரும் தட்டினார்கள். போனை ஒருவரும் வாங்கிப் பார்க்கவில்லை. அடியாட்டம் ஒருவருக்கும் வேண்டியிருக்கவில்லை. பஞ்சாட்சரம் கையைத் தூக்கி நிறுத்தப் பார்த்தார், அடக்கம் என்று நினைத்து இன்னும் ஓங்கித் தட்டினார்கள். அவருக்கு அந்தச் சத்தம் காதில் விழ விழ உடம்பு கூசியது.

"முனுசாமி, நீங்களாவது சொல்லுங்க!" என்று கிட்டத்தட்டக் கத்தினார்.

எல்லோரும் மரத்தடிப் பக்கம் திரும்பினார்கள். முனுசாமி துண்டை இரண்டாக மடித்தார், நாலாக மடித்தார்.

"சார் எடுக்கச் சொன்னாரு. நான்தான் அசந்துட்டேன்" என்றார்.

அதோடு முடிந்தது. நீர்க்கட்டி வேலை வேறொரு வீட்டு ஆளிடம் போனது. மதகுச் சாவியை முனுசாமி இடுப்பிலிருந்து அவிழ்த்துக் கொடுத்தார். வேலாயுதம் ஒரு பொன்னாடையைக் கொண்டுவந்து பஞ்சாட்சரத்துக்குப் போர்த்தினார். அதைத் தடுக்கக்கூட அவருக்குத் தெம்பில்லை.

கூட்டம் கலைந்ததும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போன முனுசாமியை ஏரிக்கரைத் திருப்பத்தில் ஓடிப்போய்ப் பிடித்தார். பொன்னாடையைச் சுருட்டி அக்குளில் இடுக்கியிருந்தார்.

"ஏன் முனுசாமி அப்படிச் சொன்னீங்க? நான்தான் ஒத்துக்கிட்டேனே!"

"வேற இன்னா சார் சொல்றது? நாலு தலமுறையா தண்ணியப் பாக்கற வூடு. கண்ணெதிர்ல தண்ணி ஏறுது, நான் உங்க போன் வருமான்னு கரைமேல நின்னு போனயே பாத்துக்கினு இருந்தேன்னு சொல்லவா? எம்பொண்டாட்டி கூட சிரிப்பா. அசந்துட்டான்னு சொன்னா அது வேற. எந்த மனுஷனும் அசருவான்."

"மன்னிச்சிடுங்க முனுசாமி."

முனுசாமி சைக்கிளை நிறுத்தினார். கோபமாகச் சொல்லவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னார்.

"அந்த ரெண்டாவது போன எடுத்திருக்கலாம் சார். மூட்டைய எடுன்னுகூட சொல்லியிருக்க வேணாம். எனக்குத் தெரியல முனுசாமி, நீயே பாத்துக்கோன்னு சொல்லியிருந்தீங்கன்னா போதும். நான் எடுத்திருப்பேன்."

சைக்கிளில் ஏறிப் போய்விட்டார்.